சம்பந்தி பந்தியில் ஒரு விருப்பப்பாடம்

இடது கையில் போன், வலது கையில் சாம்பார் சோறு. இப்படி ஒரு நேரம் பார்த்தா கல்லூரியின் அந்தப் பாழாய்ப்போன பக்கத்தைத் திறந்து தொலைக்க வேண்டும் என்று கோகிலவாணிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நேற்றே திறப்பதாகச் சொன்னார்கள், சர்வர் படுத்துவிட்டது. இன்று விடிந்ததும் என்றார்கள், அதுவும் இல்லை. கடைசியில் பெரியப்பா மகள் கழுத்தில் தாலி ஏறி, மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு உட்கார்ந்து, இலையில் சாம்பார் விழுந்த பிறகு வகுப்புத் தோழி ரஹிமாவிடமிருந்து வருகிறது சேதி: தெறந்தாச்சுடி, சீக்கிரம் போடு, டேட்டா சீட் பறக்குது. பறக்கட்டும், தனக்கு அந்த டேட்டா பாடம் வேண்டாம். வேண்டாமா? வேண்டாம் என்றுதான் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், யாரிடம் என்றால் தன்னிடம் மட்டும். பட்டுப்புடவைக் கொசுவத்தின் மேல் போனை மறைத்து வைத்துக்கொண்டு கட்டைவிரலால் திரையைத் தள்ளினாள். சிவில் இன்ஜினியரிங், மூன்றாம் ஆண்டு, விருப்பப்பாடம், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும், சமர்ப்பித்தபின் மாற்ற இயலாது. எழுந்து போய் ஒரு மூலையில் நின்று நிம்மதியாக அழுத்தலாம் என்றால் எழ முடியாது. பந்தியில் பாதியில் எழுவதே ஆகாது. அதிலும் சம்பந்தி பந்தி, அதிலும் மாப்பிள்ளையின் பெரிய அத்தை தெய்வாத்தாவுக்குப் பக்கத்து இலை. “அந்தம்மாவுக்குத் துணைக்கு நீ உக்காரு கண்ணு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, கேட்டதுக்குப் பதில் சொல்லு” என்று அம்மா ருக்குமணிதான் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் போனாள். பெண் வீட்டுப் பிள்ளை பாதியில் கை கழுவப் போனால், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள், அப்புறம் அதையே காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

பதிவெண் போட்டாள், கடவுச்சொல் போட்டாள், அடுத்தது ஓ.டி.பி. அங்கேதான் வினை. அது அவள் போனுக்கு வராது, அப்பாவின் போனுக்கு வரும். கல்லூரியில் சேர்ந்தபோது அவளிடம் சொந்தப் போன் இல்லை, அப்பா நம்பரைக் கொடுத்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் ஆபீசில் மனு கொடு, பெற்றோர் கையெழுத்து வாங்கி வா என்றார்கள், வாங்கலாம் வாங்கலாம் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதை. பூசாரி அதோ, மண்டபத்தின் அந்தக் கோடியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரச வாளியோடு நிற்கிறார். சமையலுக்கும் பரிமாறவும் காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்தாலும், சம்பந்தி பந்திக்கு மட்டும் பெண் வீட்டு ஆண்கள்தான் பரிமாற வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். பெரியப்பா சோற்றுக் கூடையைத் தூக்கினார், சித்தப்பா சாம்பாரை, அப்பா நாட்ராயன் ரசத்தை. ஓ.டி.பி. பொத்தானை அழுத்திவிட்டாள், அழுத்திய பிறகுதான் அய்யோ என்றிருந்தது. அத்தனை சத்தத்தில் அப்பாவின் பாக்கெட்டில் மணி அடித்தது இவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர் வாளியைக் கீழே வைத்ததைப் பார்த்தாள், துண்டில் கையைத் துடைத்து, போனை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, உதட்டை அசைத்துப் படிப்பதைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால், பூச்சியை நசுக்குகிற மாதிரி, ஒரே அழுத்து. அழித்துவிட்டார். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்கள் சங்கத்தில் போன வருஷம் போலீஸ்காரர் ஒருவர் வந்து பேசினார், ஓ.டி.பி. என்று வந்தாலே திருட்டுப்பயல் வேலை, வந்த சூட்டில் அழித்துவிடு என்று அப்பா அன்றைக்குப் புரிந்துகொண்டு வந்தார். வங்கியிலிருந்து வந்தாலும் அழிப்பார், கேஸ் சிலிண்டருக்கு வந்தாலும் அழிப்பார். அழித்துவிட்டு, ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்தவர் போல மீசையைத் தடவிக்கொண்டு, வாளியைத் தூக்கினார். எங்கப்பா! என்று கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது.

இனி அவர் ரசத்தோடு இந்த வரிசைக்கு வர வேண்டும். வந்து குனிய வேண்டும். குனியும்போது கேட்க வேண்டும். கேட்டால் எதுக்கு என்பார். எதுக்கு என்றால் பாடம் எடுக்க என்று சொல்ல வேண்டும். என்ன பாடம் என்பார். அங்கேதான் ஒவ்வொரு முறையும் அவள் யோசனை முட்டிக்கொண்டு நின்றது, நின்றதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, அவர் ரசத்தோடு வருவார், குனிவார், கேட்பாள். போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்திருந்த தினகரன் மாமா, அம்மாவின் தம்பி, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். “சிவில்ல என்னம்மா இருக்குது, வெயில்ல நின்னு செங்கல் எண்ணலாம். டேட்டா அனலிடிக்ஸ்னு ஒண்ணு வெச்சிருக்கானா இல்லையா, அதப் புடி. கேம்பஸுக்கு வர்றவன் உன்ற மார்க்கப் பாக்க மாட்டான், பாடத்துப் பேரத்தான் பாப்பான். ரெண்டே வருசம், எங்க ஆபீஸ்லயே கூட உக்காத்திப்போடலாம்.” அப்பா பக்கத்தில் சம்மணம் போட்டு, அவருக்குப் புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். மாமா சொன்னதும் பொய் இல்லையே, அதுதானே கொடுமை. கல்லூரியில் இரண்டு வருஷம் மூத்த பவித்ரா அக்கா கான்கிரீட் கான்கிரீட் என்று உயிரை விட்டுப் படித்து, கோல்டு மெடல் வாங்கி, இப்போது வீட்டில் உட்கார்ந்து டியூஷன் எடுக்கிறாள். அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிய ஒருத்தன் டேட்டா எடுத்தான், சென்னையில் இருக்கிறான், அவன் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்த படத்தைக் கல்லூரி குரூப்பில் எல்லோரும் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் வந்தால் போதுமா என்று கேட்கலாம். கேட்கலாம், ஆனால் பவித்ரா அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு கேட்க முடியுமா? சாம்பார் சோற்றை விரலால் இலையில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்கண்ணு, சோத்தக் கோலம் போட்டுட்டே இருக்கற, சாப்புடு” என்றாள் தெய்வாத்தா. பெரிய உருவம், பெரிய மூக்குத்தி, திருப்பூர்ப் பக்கம் பெரிய குடும்பம். கூட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, “என்ன படிக்கற?” என்று ஆரம்பித்தாள். சிவிலுங்க அத்தை. “அப்படின்னா வீடு கட்டறது. பொம்பளப் புள்ளைக்கு அது ஆகுமா?” ஆகுமுங்க. “வேல கெடைக்குமா?” கெடைக்குமுங்க. “என்ன வேல?” இந்த இடத்தில் கோகிலவாணி ஒரு வாய் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். பேரும் தெரியும், பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறது, கழிவுநீர் சுத்திகரிப்பு என்று. அதை இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியுமா? சாப்பிடும்போது சாக்கடை என்கிற வார்த்தையை எடுத்தால் அம்மா வாயிலேயே போடுவாள். நாளைக்கே ஒரு இடத்துக்குப் பெண் பார்க்க வந்து, பொண்ணு என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத வேலை என்பார்களா? கம்ப்யூட்டர் வேலையென்றால் எந்தப் பந்தியிலும் சொல்லலாம், லட்டு தின்றுகொண்டே சொல்லலாம். ஒரு வேலையின் எதிர்காலம் என்பது சம்பளத்தில் இருக்கிறதா, அதைப் பந்தியில் சொல்ல முடிகிறதா என்பதில் இருக்கிறதா? “பாக்கலாமுங்க அத்தை, இன்னும் முடிவு பண்ணல” என்றாள். “முடிவு பண்றதுக்கு என்ன இருக்குது, கம்ப்யூட்டர் படி” என்று தெய்வாத்தா அப்பளத்தை நொறுக்கினாள். ஊரில் ஆளுக்கொரு தினகரன் மாமா உள்ளே உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது.

கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்கு வகுப்போடு போனது ஒரு மழைக்காலத்தில். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்கள், பையன்கள் வாந்தி எடுப்பது போல நடித்துக் காட்டினார்கள், இவளும் கட்டிக்கொண்டாள், கட்டாமல் இருந்தால் இவளைத்தான் கிண்டல் செய்வார்கள். முதல் தொட்டி நாறத்தான் செய்தது, மறைக்க என்ன இருக்கிறது, குடலைப் புரட்டியது. அதைத் தாண்டி இரண்டாவது தொட்டி, காற்றை உள்ளே ஊதி ஊதிக் கொதிக்கிற மாதிரி புரண்டுகொண்டிருக்கும் பழுப்புத் தண்ணீர். அதன் பக்கத்தில் போனதும் நாற்றம் இல்லை. எங்கே போயிற்று? கைக்குட்டையை இறக்கிப் பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த காட்டு மண்ணின் வாசம். மூக்கை நம்ப முடியாமல் இன்னும் குனிந்தாள், “ஏய், உளுந்துடாத” என்று ரஹிமா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அந்த ஆலையின் இன்ஜினியர் இவளைவிட நாலைந்து வயசுதான் மூத்தவள், ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிராணிகள் வாயைச் சுற்றிச் சுற்றித் தின்றுகொண்டிருந்தன. இதுங்கதான் என்ற லேபர்ஸ், லீவு கேக்காதுங்க, ஸ்ட்ரைக் பண்ணாதுங்க, ஆனா ரொம்ப ரோசக்காரங்க, கொஞ்சம் சாயத்தண்ணி கூடிப்போனா மொத்தமாச் செத்துருவாங்க, அப்புறம் மறுபடி வளத்து எடுக்கோணும் என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், கோகிலவாணிக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. சம்பளமெல்லாம் எப்படிங்க்கா என்று பஸ் ஏறும் முன் தனியாகக் கேட்டாள். சுமார்தான், ஆனா ஆள் கெடைக்கறதில்ல, இனிமே ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் இது வேணும், நீ வேணாப் பாரு என்றாள். அன்று முதல் குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, தண்ணீர் ஓட்டைக்குள் இறங்கி எங்கே போகிறது என்று மனசு பின்னாலேயே போகும். இப்போதுகூட, இந்த மண்டபத்தில் பாயசமும் மோரும் எச்சில் கையும் கழுவின தண்ணீர் கொல்லைப்புறம் எங்கே விழுகிறது, பாயசத்துச் சர்க்கரை கலந்த தண்ணீரைச் சுத்தம் பண்ண எத்தனை காற்று ஊத வேண்டும் என்று ஓடுகிறது. சீ, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து என்ன யோசனை இது!

ஆனால் இது ஆசைதானா? அல்லது திமிரா? எல்லோரும் கிழக்கே போனால் நான் மேற்கே போவேன் என்கிற பிடிவாதமா? சின்ன வயசில் பள்ளியில் எல்லோரும் பரதநாட்டியம் என்றபோது இவள் தவில் கற்கிறேன் என்று நின்றாள், ஒரு மாதம், அப்புறம் கை வலிக்கிறது என்று விட்டாள். இதுவும் அப்படி இருந்தால்? தவிலை விட்டுவிடலாம், எலெக்டிவை விட முடியாது. மடியில் போன் அதிர்ந்தது. ரஹிமா. வாணி சாரிடி, நான் டேட்டாவுக்குப் போயிட்டேன், அண்ணன் பக்கத்துலயே உக்காந்துட்டான், கோவிச்சுக்காத. அதற்குக் கீழே ஒரு அழும் பொம்மை. கோகிலவாணி அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழிவுநீர்ப் பாடத்துக்குக் குறைந்தது பதினைந்து பேர் சேர வேண்டும், சேராவிட்டால் ரத்து, ரத்தானால் சேர்ந்தவர்களை எதில் இடம் மிச்சமிருக்கிறதோ அதில் தள்ளிவிடுவார்கள். ஆள் சேர்க்க இவளும் ரஹிமாவும் ஹாஸ்டல் ஹாஸ்டலாக ஓட்டுக் கேட்கிறவர்கள் போல அலைந்தார்கள், பதினாறு பேர் சத்தியம் செய்தார்கள். முதல் சத்தியக்காரியே கம்பி நீட்டிவிட்டாள். இப்போது எத்தனை பேர் என்று கேட்டு அனுப்பினாள். பன்னெண்டு. டேட்டால இன்னும் ஏழு சீட்தான் இருக்கு, பேசாம வந்துருடி, ஒண்ணா உக்காரலாம். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகிவிடும் என்று பயம் பிடித்தது. இதைப் போட்டு இது ரத்தாகி, அதுவும் கிடைக்காமல், யாருமே எடுக்காத ஏதோ ஒரு பாடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் தன்னைக் கண்ணால் பார்த்தாள். அந்த பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் பவித்ரா அக்கா உட்கார்ந்திருந்தாள். ரஹிமா மேல் கோபப்படலாமென்றால், பாவம், அவள் அண்ணன் பக்கத்தில் இருக்கிறான். எல்லோருக்கும் பக்கத்தில் யாராவது இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, அதை அவள் ரஹிமாவிடம்கூடச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் லேசாக ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தாள், கழிவுநீர்னு ஒண்ணு இருக்குதுங்க மாமா, அதுக்கும் நல்ல டிமாண்ட் வரும்கறாங்க. மாமா பல் குத்துவதை நிறுத்தினார். “நம்ம சனத்துல எவனாவது அந்த வேலைக்குப் போவானா? சொன்னா நாலு பேரு என்ன நெனப்பான்?” என்றுவிட்டு, இவள் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல, மறுபடி குத்த ஆரம்பித்தார். அப்பா அப்போது தண்ணீர் எடுத்துவர உள்ளே போயிருந்தார், கேட்டாரோ கேட்கவில்லையோ தெரியாது. உடுமலையில் அவர்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் இறங்குகிறவர்கள் யார் என்று கோகிலவாணிக்குத் தெரியும், இறங்கி ஏறினவருக்கு வீட்டில் எந்த டம்ளரில் டீ கொடுப்பார்கள் என்றும் தெரியும். அவர்களிடம் எவனும் எதிர்காலம் என்று பேசியதில்லை, விருப்பம் என்றும் கேட்டதில்லை. இவளுக்கு அது பட்டியலில் மூன்றாவதாக வருகிறது, விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கம் மாமா மேலா தன் மேலா என்று பிரிக்க முடியவில்லை. அதே நேரத்தில், அட போடி, நீ அதை எடுத்து உலகத்தைத் திருத்தப் போகிறாயா, உனக்குத் தேவை ஒரு வேலை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் கிட்டத்தட்ட ருக்குமணியின் குரல்.

வீடியோக்காரன் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தான். மனுஷன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் பிடிப்பான். தெய்வாத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்க்காத மாதிரி கேமராவைப் பார்த்தாள். கோகிலவாணி போனைத் தொடைக்கு அடியில் திணித்தாள். சூடு முகத்தில் அடித்து, நெற்றியில் பூசியிருந்த பவுடர் கரைந்து கண்ணில் இறங்கியது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ரசம் ரசம் என்று அப்பாவின் குரல் கேட்டது. வந்துவிட்டார். இந்த வரிசையின் முதல் இலைக்கு வந்துவிட்டார். என்ன சொல்வது, சீக்கிரம் முடிவு செய். பொய் சொல்லிவிடலாம். டேட்டாதாங்ப்பா, மாமா சொன்னாங்களே அது, என்று சொல்லிவிட்டு, நம்பரை வாங்கிக்கொண்டு, மற்றதைப் போட்டுவிடலாம், அவருக்கு எங்கே தெரியப்போகிறது. தெரிந்தாலும் அடுத்த செமஸ்டரில்தான் தெரியும். பொய்யைச் சொல்லிப் பார்த்தாள், உதட்டுக்குள். டேட்டாதாங்ப்பா. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று திக்கென்றது. இல்லை, உண்மையைச் சொல்லி, அவர் கத்தினால் கத்தட்டும் என்று இருந்துவிடலாம். சம்பந்திகளுக்கு முன்னால் கத்த மாட்டார். கத்தமாட்டார் என்பதற்காகவே இங்கே வைத்துச் சொல்வது அழுகுணி ஆட்டம் இல்லையா? அவர் கோபப்பட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது. ஹாஸ்டலில் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்த பதில், இது என்ற படிப்பு, நாந்தான் படிக்கப்போறேன், நாளைக்கு வேல கெடைக்காட்டி உங்களக் கேக்க மாட்டேன். ரசம், ரசம். நாலு இலை. மூன்று இலை.

அப்பா குனிந்தார். முதலில் தெய்வாத்தாவுக்கு, மரியாதையாக, “சூடா இருக்குதுங்க, பாத்துங்க” என்று ஒரு கரண்டி. பிறகு மகள் இலைக்கு.

“அப்பா, உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்துச்சுங்களா?”

“வந்துச்சு. திருட்டுப்பயலுவ, கல்யாணத்தன்னிக்குக் கூட உட மாட்டேங்கறானுவ. அழிச்சுப்போட்டேன்.”

“அது காலேஜுதுங்ப்பா. எலெக்டிவ் போடோணும். இப்பவே. மறுபடியும் அனுப்பச் சொல்றேன்.”

ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி, முகத்தில் வேர்வை, அப்பா ஒரு நொடி விழித்தார். பின்னால் பெரியப்பா, “நாட்ராயா, ரசம் நவுரட்டும், அங்க கேக்கறாங்க” என்றார். அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்து சட்டைப் பாக்கெட்டை அவளுக்கு நேராகக் காட்டினார். “எனக்குக் கை ரெண்டும் வேலையா இருக்குது. நீயே எடுத்துக்க சாமி.” அவள் அழுத்தினாள். அந்தப் பாக்கெட்டில் மணி அடித்தது, இவ்வளவு பக்கத்தில், அவர் நெஞ்சே அடித்துக்கொள்வதுபோல. இடது கையால் போனை உருவினாள், வெற்றிலையும் சந்தனமும் மோட்டார் வார்னிஷும் கலந்த அப்பா வாசனையோடு அது வெளியே வந்தது. நம்பரைப் பார்த்தாள், வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், திரும்ப உள்ளே விட்டாள். இப்போது கேட்பார். இதோ கேட்கப்போகிறார். டேட்டாதாங்ப்பா. இது என்ற படிப்பு. டேட்டாதாங்ப்பா. நிமிர்ந்து நின்ற அப்பா, “எனக்கென்ன தெரியும் இதெல்லாம், உனக்குத் தோணுறதப் போடு” என்று சொல்லிவிட்டு, ரசம் ரசம் என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதானா? கோகிலவாணி வாய்க்குள் வைத்திருந்த நம்பரைப் போட்டாள். திரையில் பட்டியல் திறந்திருந்தது, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்ன வட்டம். டேட்டா, மீதம் மூன்று. கழிவுநீர், சேர்ந்தவர்கள் பன்னிரண்டு. தடுக்க யாருமில்லை. இதைத்தானே கேட்டாள், இதற்குத்தானே சாமி கும்பிட்டாள், பிறகு ஏன் காலடியில் பலகையை உருவின மாதிரி இருக்கிறது? தோணுறதப் போடு. எனக்கு என்ன தோணுகிறது? அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம். டேட்டாவை அழுத்திவிட்டு, வாழ்நாள் முழுக்க, எனக்கு அந்தப் பாடம்தான் ஆசை, எங்கப்பா விடல என்று சொல்லிக்கொண்டு திரியலாம். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லலாம், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் சொல்லலாம், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அடியே, அதைத்தானா இத்தனை நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய்? அவர் தடுப்பார் என்று நம்பித்தானா இவ்வளவு தைரியமாக ஆசைப்பட்டாய்? தன்னையே கையும் களவுமாகப் பிடித்தது போல உடம்பெல்லாம் கூசியது. மீதம் இரண்டு. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் அதுவே தீர்ந்துவிடும், முடிவெடுக்கும் வேலையே இல்லை, நேரமாயிருச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். பழி போட அதுவும் ஒரு அப்பாதான். இடது கைக் கட்டைவிரலைத் தூக்கினாள். மூன்றாவது வட்டத்தில் வைத்தாள், கறுத்தது. கீழே சமர்ப்பி. உறுதியாகவா என்று கேட்டது. சனியனே, உறுதியாக இருந்தால் இவ்வளவு நேரம் ஆகுமா! ஆம் என்பதை அழுத்தினாள். சேர்ந்தவர்கள் பதின்மூன்று என்று மாறியது.

“என்னத்தையோ போட்டயே போன்ல, கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு” என்று தெய்வாத்தா ரசத்தைக் குழித்த கையில் எடுத்து உறிஞ்சினாள். “என்ன அம்முணி அது?”

“அடுத்து படிக்கிற பாடமுங்க அத்தை. எதுன்னு போடச் சொன்னாங்க.”

“எதப் போட்ட?”

பாக்கலாமுங்க என்று சொல்லலாம். கம்ப்யூட்டருங்க என்று சொன்னால் அந்தம்மா தலையாட்டிவிட்டு மோருக்குப் போய்விடுவாள். “சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ற படிப்புங்க” என்றாள் கோகிலவாணி. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

தெய்வாத்தாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அந்தப் பக்கத்து இலையில் இருந்தவள், “கருமம், சோத்து நேரத்துல” என்று முகத்தைச் சுளித்தாள். நாலு இலை தள்ளிப் போயிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். பார்த்து, சிரித்தார். மோட்டாரை எரித்துக்கொண்டு வந்து சண்டை போடும் வாடிக்கையாளர்களிடம் சிரிக்கும் சிரிப்பு அது, அவளுக்குத் தெரியும். “புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க” என்றார் தெய்வாத்தாவிடம். “கம்ப்யூட்டர்தானுங்க எடுத்திருக்குது. எங்க மச்சான் பெங்களூர்ல இருக்கறார், அவர் ஏற்பாடு.” சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளிடம் பதில் இருந்தது. ஆமான்னு சொல்லு கண்ணு, இத்தனை பேருக்கு முன்னால அப்பாவக் காப்பாத்து என்று அந்தக் கண் கெஞ்சியது. உனக்குத் தோணுறதப் போடு என்று அவர் சொன்னபோது, மகளுக்கு இப்படி ஒன்று தோன்றும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பேர் சம்மதம் என்று அவள்தான் எடுத்துக்கொண்டாள்.

“வெளையாட்டில்லீங்ப்பா” என்றாள். “அதத்தான் போட்டிருக்கேன்.”

அப்பா திரும்பி, எதிரில் இருந்த இலையில் ரசம் ஊற்றினார், மறுபடியும் ஒரு கரண்டி எடுத்து அதே இலையில் ஊற்றினார். “போதுமுங்க, போதுமுங்க” என்று அந்த ஆள் இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தார், கையிலேயே விழுந்தது, மூன்றாவது கரண்டியும் விழுந்தது. ரசம் இலையைத் தாண்டி மேசைக் காகிதத்தில் ஓடியது. அப்பாவின் பிடரியில் வேர்வை வழிவதைக் கோகிலவாணி பார்த்தாள். அப்பா என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது, ஓடிப்போய் அந்த வாளியைக் கையிலிருந்து வாங்க வேண்டும் போலிருந்தது. மாத்திப்போடறேங்ப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, வந்து அங்கேயே நின்றது. மாற்ற முடிந்தாலும் மாற்ற மாட்டாள் என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.